பாரிஸ் வெள்ளிக்கு யார் விலை கொடுத்தார்கள்?

2024 ஆகஸ்ட் 11, பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். நகருக்கு வெளியே சான்-கான்தான்-ஆன்-இவ்லின் என்ற ஊரில் இருக்கும் சைக்கிள் பந்தய அரங்கில் பெண்களுக்கான ஆம்னியம் போட்டி முடிந்தபோது, புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் அமெரிக்காவின் ஜெனிஃபர் வாலென்டே 144 புள்ளிகளோடு நின்றார். மூன்றாவதாக நியூசிலாந்தின் ஆலி வொலாஸ்டன், 125 புள்ளிகள். இருவரும் எதிர்பார்க்கப்பட்ட பெயர்கள்தான். இரண்டுக்கும் இடையில் 131 புள்ளிகளோடு வந்த பெயரைப் பலர் எதிர்பார்க்கவில்லை: போலந்தின் டாரியா பிகுலிக். அந்த ஒலிம்பிக்கில் போலந்து வென்ற பத்துப் பதக்கங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்குள் ஒரு நீண்ட கணக்கு அடங்கியிருக்கிறது. வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் அரங்குப் போட்டிகளில் போலந்து அதற்கு முன் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது 1972-இல், மியூனிக்கில். இடையில் 52 ஆண்டுகள். அந்த அரங்குகளில் போலந்துப் பெண் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது இதுவே முதல் முறை. சுதந்திர போலந்து தன் முதல் ஒலிம்பிக் வெள்ளியை வென்றதும் சைக்கிள் அரங்கில்தான், அதே பாரிஸில்தான், சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன் 1924-இல்.

இத்தகைய வெற்றி வந்ததும் ஊடகங்கள் சொல்லும் கதை நமக்குப் பழக்கமானதுதான்: ஆதரவு இல்லாமல், வசதி இல்லாமல், மன உறுதியை மட்டும் கொண்டு ஒருவர் உலகை வென்றார். பிகுலிக் விஷயத்தில் இந்தக் கதைக்கு ஆதாரமும் கிடைக்கிறது. போலந்தின் சைக்கிள் சங்கம் பல ஆண்டுகளாகக் கடனில் தத்தளித்தது. 2017-இன் இறுதியில் சங்கத்தைச் சூழ்ந்த புகார்களை அடுத்துப் பெரிய விளம்பர ஆதரவாளர்கள் கைவிட்டுப் போனார்கள். நாட்டில் சர்வதேச அளவிலான ஒரே உள்ளரங்கத் தடமும் பாரிஸுக்கு முந்தைய காலத்தில் இயங்காமல் போக, தேசிய அணியினர் பயிற்சிக்கு வெளிநாட்டு அரங்குகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு வெள்ளி! ஆனால் இந்தக் கதை பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஆபத்தானது என்பது என் கருத்து. ஆதரவு இல்லாமல் வந்த பதக்கமல்ல இது. இதற்கான செலவை வேறு சிலர், வேறு காலத்தில், வேறு இடத்தில் செய்தார்கள். யார், எப்போது, எங்கே என்று பார்த்தால்தான் பிகுலிக்கின் சாதனையின் உண்மையான அளவும், போலந்து இனி எதை இழக்கப்போகிறது என்பதும் தெரியும்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒலிம்பிக் வெலோட்ரோமின் தடம் மரப் பலகையால் ஆனது, ஒரு சுற்று 250 மீட்டர், வளைவுகளில் ஏறத்தாழ 42 டிகிரி வரை சரிந்து சுவர்போல எழும்பும். வண்டியில் பிரேக் கிடையாது, கியர் மாற்றமும் கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும், காலை ஓய்வாக வைத்திருக்க வழியே இல்லை. ஆம்னியம் என்பது இந்தத் தடத்தில் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளிக்குள் நடக்கும் நான்கு பந்தயங்களின் தொகுப்பு. முதலாவது ஸ்கிராட்ச்: 30 சுற்று, கோட்டை முதலில் தாண்டுபவருக்கு வெற்றி. அடுத்தது டெம்போ: அதுவும் 30 சுற்று, ஆரம்பச் சில சுற்றுகள் போனபின் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கோட்டைத் தாண்டுபவருக்கு ஒரு புள்ளி. மூன்றாவது எலிமினேஷன்: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசியில் இருப்பவர் வெளியேற்றப்படுவார். இந்த மூன்றிலும் முதலிடத்துக்கு 40, இரண்டாமிடத்துக்கு 38 என இறங்குவரிசையில் புள்ளிகள் தரப்படும். அந்தப் புள்ளிகளைச் சுமந்துகொண்டு நான்காவதான பாயின்ட்ஸ் பந்தயத்தில் இறங்க வேண்டும். 80 சுற்றுகள், மொத்தம் 20 கிலோமீட்டர். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு முடுக்கம், அதில் முதல் நால்வருக்கு 5, 3, 2, 1. கடைசி முடுக்கத்தில் அது இரட்டிப்பு. கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய், முழுச் சுற்று முன்னேறி, பின்னாலிருந்து மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொள்பவருக்கு ஒரே அடியில் 20 புள்ளி. ஒரு சுற்று பின்தங்கினால் 20 புள்ளி போய்விடும். பாரிஸில் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது ஆறே புள்ளி, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே பதின்மூன்று. ஒரு சுற்று முன்னேறுவதன் மதிப்பை விட இரண்டும் குறைவு. அதாவது எண்பது சுற்றுக்குள் எப்போது கிளம்புவது, யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, யாரைப் போகவிடுவது என்ற ஒரே ஒரு முடிவு இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்க முடியும்.

இந்த இடத்தில்தான் வாதத்தின் முதல் கண்ணி இருக்கிறது. அரங்கப் போட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களாகப் பிரியும். ஒன்று, கடிகாரத்தை எதிர்த்து ஓடுவது: குழு பர்சூட், தனிநபர் பர்சூட், ஒரு கிலோமீட்டர் ஓட்டம். இன்னொன்று, கூட்டத்தோடு ஓடுவது: ஸ்கிராட்ச், பாயின்ட்ஸ், இருவர் மாறிமாறி ஓடும் மாடிசன், இன்றைய ஆம்னியம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வீரர் செலவிடும் சக்தியின் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. கடிகாரப் போட்டியில் அந்தக் காற்றுக்கு எதிரான யுத்தத்தை ஆய்வகத்தில் நடத்தலாம். காற்றுச் சுரங்கச் சோதனை, உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த உடை, கார்பன் கைப்பிடி, டோக்கியோ ஒலிம்பிக்குக்காக லோட்டஸும் ஹோப்பும் சேர்ந்து பிரிட்டனுக்கு வடிவமைத்துத் தந்ததைப் போன்ற தனி வண்டி. பணம் நேராக நொடிகளாக மாறும் துறை அது. கூட்டப் பந்தயத்திலும் நல்ல வண்டி வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே காற்றை வெல்வதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது: அடுத்தவர் முதுகின் மறைவில் ஓடுவது. முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்க, பின்னால் வருகிறவர் சக்தியைச் சேமிக்கிறார். அப்போது கால்களின் பலத்தோடு கண்ணுக்கும் கணக்குக்கும் வேலை வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் செலவிடப்பட்ட பணம் இங்கே பயனற்றுப் போவதில்லை, அதன் பிடி தளர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஏழைச் சங்கத்தின் வீராங்கனைக்கு அந்தத் தளர்வு போதும்.

போலந்தின் பதக்கப் பட்டியலைப் பார்த்தால் இது வெறும் ஊகமல்ல என்பது தெரியும். கதர்ஜினா பாவ்வோவ்ஸ்கா 2012-இல் மெல்போர்னிலும் 2013-இல் மின்ஸ்கிலும் ஸ்கிராட்ச் உலகப் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார், 2016-இல் லண்டனில் பாயின்ட்ஸ் உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது. 2017-இல் ஹாங்காங்கில் ஆட்ரியன் தெக்லின்ஸ்கி ஆண்களுக்கான ஸ்கிராட்ச் உலக சாம்பியன். அதே போட்டித் தொடரில் வொய்செஹ் ப்ஷ்சோலார்ஸ்கி பாயின்ட்ஸில் வெண்கலம். 2018-இல் அபெல்டோர்னில் ஷிமோன் சாய்னோக், இருபதே வயதில் ஆம்னியம் உலக சாம்பியன். 2020-இல் பெர்லினில் பிகுலிக் அதே ஆம்னியத்தில் வெண்கலம். எல்லாமே கூட்டப் பந்தயங்கள். இதில் ஒரு விதிமாற்றமும் ஒளிந்திருக்கிறது. லண்டனிலும் ரியோவிலும் நடந்த ஆம்னியத்தில் ஆறு போட்டிகள் இருந்தன, அவற்றில் மூன்று கடிகாரத்தை எதிர்த்து ஓடுபவை. ரியோவுக்குப் பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த மூன்றையும் நீக்கிவிட்டு, நான்கும் கூட்டப் பந்தயமாக இருக்கும்படி மாற்றியது. சாய்னோக்கின் தங்கமும் பிகுலிக்கின் இரண்டு பதக்கங்களும் அந்த மாற்றத்துக்குப் பின் வந்தவை. எங்கோ ஒரு கூட்ட அறையில் எடுக்கப்பட்ட முடிவு, கடிகாரத்தை எதிர்கொள்ள வசதியில்லாத நாடுகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. இதன் மறுபக்கம் பாவ்வோவ்ஸ்காவின் கதை. அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஸ்கிராட்ச் தனிப் போட்டியாக ஒலிம்பிக்கில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. பாயின்ட்ஸ் 2008-க்குப் பிறகு நீக்கப்பட்டிருந்தது. மூன்று முறை உலக சாம்பியனாக இருந்தும், தான் உலகிலேயே சிறந்தவராக இருந்த எந்தப் போட்டியிலும் அவர் ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை. அவரை விட ஏழு வயது இளையவரான பிகுலிக்குக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. திறமையின் வரலாற்றை எழுதும்போது இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

இரண்டாவது கண்ணி வயிற்றுப்பாடு. டாரியா பிகுலிக் 1997 ஜனவரியில் வார்சாவுக்குத் தெற்கே இருக்கும் ராடோம் நகரில் பிறந்தவர். தங்கை விக்டோரியாவும் சைக்கிள் வீராங்கனை. பத்தொன்பது வயதில், 2016 ரியோ ஒலிம்பிக்கில், போலந்தின் குழு பர்சூட் அணியில் டாரியா இருந்தார், அதாவது கடிகாரப் போட்டியில் தொடங்கியவர். பிறகு ஆம்னியம், தங்கையோடு இணைந்து மாடிசன் எனக் கூட்டப் பந்தயங்களின் பக்கம் நகர்ந்தார். இந்த நகர்வு சாலைப் பந்தயத்தோடு இயல்பாகப் பொருந்தியது. சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கூட்டத்தில் இடம் பிடிப்பதும், கடைசி முன்னூறு மீட்டரில் வெடித்துக் கிளம்புவதும் அரங்கில் தேவைப்படும் அதே கலைதான். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்த டூர் டவுன் அண்டர் பெண்கள் பந்தயம் முதன்முறையாக உலகச் சுற்றுத் தகுதி பெற்றபோது, அதன் முதல் கட்டத்தை வென்றவர் பிகுலிக். அப்போது அவர் ஓடியது ஹியூமன் பவர்டு ஹெல்த் என்ற அமெரிக்கத் தொழில்முறை அணிக்காக. அங்கேதான் சம்பளம், வண்டி, ஆண்டுக்குப் பல டஜன் நாள் உயர்தரப் போட்டி எல்லாம் கிடைத்தன. பெண்கள் சாலைப் பந்தயத்தின் உச்சநிலை அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சர்வதேச சங்கம் கட்டாயமாக்கியது 2020-இல்தான். எனவே பாரிஸ் வெள்ளிக்கான தினசரிச் செலவில் பெரும்பங்கைப் போலந்தின் சங்கம் அல்ல, ஒரு அமெரிக்க அணி ஏற்றிருந்தது என்று சொல்வது மிகையல்ல. இது பிகுலிக்குக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. வெண்கலம் பெற்ற வொலாஸ்டனும் தொழில்முறைச் சாலை வீராங்கனைதான். பாரிஸ் ஆம்னியத்தில் பதக்கம் கிடைக்காமல் போன, 2023-இன் சாலை உலக சாம்பியன் லோட்டே கொபெக்கியும் அப்படித்தான்.

கடிகாரத்தோடும் குறுந்தொலைவு வேகத்தோடும் மோதுகிறவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. இருநூறு மீட்டருக்காகத் தொடையை வார்த்தெடுத்த ஸ்பிரிண்ட் வீரரைச் சாலை அணி எதுவும் சம்பளத்துக்கு எடுக்காது, மலை ஏறும்போது அந்தத் தொடைகள் பாரம். அவர்கள் முழுக்க முழுக்கச் சொந்த நாட்டுச் சங்கத்தை, சொந்த நாட்டுத் தடத்தை நம்பி இருக்கிறார்கள். மதேயுஷ் ருதிக் இதற்குச் சாட்சி. முதல் வகை நீரிழிவோடு வாழ்ந்துகொண்டே உலகத் தரத்தில் ஓடுபவர். 2019-இல் சொந்த மண்ணில் நடந்த உலகப் போட்டியில், நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன், ஜெஃப்ரி ஹூக்லாண்ட் ஆகியோருக்கு அடுத்தபடியாக ஸ்பிரிண்டில் வெண்கலம் வென்றார். கூட்டப் பந்தயம்தான் போலந்துக்கு உரியது, ஸ்பிரிண்ட் அல்ல என்ற என் வாதத்துக்கு இவர் மறுப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பதக்கம் வந்த இடத்தையும் ஆண்டையும் கவனியுங்கள்: போலந்தின் சொந்தத் தடத்தில், அது இயங்கிக்கொண்டிருந்த காலத்தில். அந்தத் தடம் மூடப்பட்டால் முதலில் அடிவாங்குவது யார் என்பதற்கு அவரே உதாரணம். சாலையில் பிழைக்க முடிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். முடியாதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவே வராது.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. போலந்தின் பழைய பெருமையெல்லாம் கடிகாரப் போட்டிகளில்தானே? 1924-இல் வென்சென் தடத்தில் வெள்ளி வென்ற யூசெஃப் லாங்கே, யான் வாசார்ஸ்கி, தோமாஷ் ஸ்தான்கியெவிச், ஃபிரான்சிஷெக் ஷிம்சிக் நால்வரும் ஓடியது நான்கு கிலோமீட்டர் குழு பர்சூட். இத்தாலிக்கு அடுத்து, பெல்ஜியத்துக்கு முன்னால். நாடு மறுபடி சுதந்திரம் பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். (அந்த நால்வரில் ஸ்தான்கியெவிச்சை 1940 ஜூனில் வார்சாவுக்கு அருகே பால்மிரி காட்டில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். 1932-இன் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத் தங்கம் யானுஷ் குசொசின்ஸ்கியும் அதே காட்டில்தான் கொல்லப்பட்டார். போலந்து விளையாட்டின் பட்டியல்களை வாசிக்கும்போது இந்தப் பெயர்கள் நம்மை நிறுத்திவிடுகின்றன.) 1968-இல் மெக்ஸிகோவில் யானுஷ் கியெஷ்கோவ்ஸ்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார், 1973-இல் சான் செபாஸ்தியானில் அதே போட்டியில் உலக சாம்பியன் ஆனார். 1988-இல் கென்ட்டில் லெஹ் பியாசெட்ஸ்கி தொழில்முறையாளர்களுக்கான தனிநபர் பர்சூட் உலகப் பட்டம் பெற்றார். எல்லாம் கடிகாரம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கடிகாரமும் இன்றைய கடிகாரமும் ஒன்றல்ல. 1924-இல் எல்லோர் கையிலும் எஃகு வண்டி, கம்பளி உடை. ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆய்வகத்தில் முந்த வழியே இல்லை. கியெஷ்கோவ்ஸ்கியின் காலத்தில் வார்சாவில் இருந்தது, ராணுவத்தோடும் தொழிற்சாலைகளோடும் இணைந்த சங்கங்கள் வழியாக வீரர்களுக்குச் சம்பளமும் நேரமும் கொடுத்த அரசு. அந்த அரசை அரசியலாக எப்படி மதிப்பிட்டாலும், வீரருக்குச் செலவு செய்தது என்பது உண்மை. பியாசெட்ஸ்கி 1988-இல் இத்தாலியத் தொழில்முறைச் சாலைப் பந்தயத்தில் வேரூன்றியவர், அதற்கு முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை அணிந்த முதல் போலந்துக்காரர். ஆக, பழைய வெற்றிகளும் என் வாதத்தைக் குலைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பணம் கொடுத்த ஒரு கை இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் வாலென்டேவை வைத்தும் ஒரு கேள்வி எழும். கூட்டப் பந்தயத்தில் பணத்தின் பிடி தளர்கிறது என்றால், டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து ஆம்னியம் தங்கத்தை வென்றவர் ஏன் செல்வநாட்டுக்காரராக இருக்கிறார்? பாரிஸில் அவர் குழு பர்சூட் தங்கமும் வென்றார். அதாவது கடிகாரத்துக்காகக் கட்டியெழுப்பிய உடலையும் பயிற்சியையும் அப்படியே கூட்டப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன், அது வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது. பிடி தளர்ந்தாலும் பிடி இருக்கத்தான் செய்கிறது, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த அந்தப் பதின்மூன்று புள்ளிக்குள் அது எங்காவது இருக்கக்கூடும். அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களும் உண்டு. 2021-இன் ஆம்னியம் உலக சாம்பியனான பிரிட்டனின் கேட்டி ஆர்ச்சிபால்ட், ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன் தோட்டப் படியில் தடுக்கி விழுந்து கால் முறிந்ததால் பாரிஸுக்கு வரவில்லை. அவர் இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் இல்லாத ஒலிம்பிக் எதுவும் நடந்ததில்லை. நான்கு வெவ்வேறு பந்தயங்களைக் கூட்டிக் கணக்கிடும் ஆம்னியத்தில் குருட்டு அதிர்ஷ்டம் ஒரு பந்தயத்தில் கைகொடுக்கலாம், நான்கிலும் கூடவே வராது. நான்கு ஆண்டுக்கு முன் பெர்லினிலும் இதே போட்டியில் பிகுலிக் மூன்றாவதாக வந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இனி மூன்றாவது கண்ணி, என் பார்வையில் மிக முக்கியமானது. வார்சாவுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் ப்ருஷ்கூஃப் என்ற ஊர். அங்கே 2008-இல் போலந்தின் முதல் நவீன உள்ளரங்க வெலோட்ரோம் திறக்கப்பட்டது. அதுவரை நாட்டில் இருந்த தடங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில், சிமெண்டில் அமைந்தவை. போலந்தின் குளிர்காலத்தில் அவற்றில் சைக்கிள் ஓட்ட முடியாது, மழை விழுந்தாலும் முடியாது. வெலோட்ரோமின் போட்டிக் காலமோ அப்போது பெரும்பாலும் குளிர்காலம்தான். ப்ருஷ்கூஃப் திறந்ததும் 2009-இல் உலகப் போட்டி, 2010-இல் ஐரோப்பியப் போட்டி, 2019-இல் மறுபடி உலகப் போட்டி என்று நடந்தன. ஆனால் அதைக் கட்டிய செலவு சைக்கிள் சங்கத்தின் தலையில் கடனாக விழுந்தது. கட்டுமான நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியும் அதன் வட்டியும் ஆண்டுக்கணக்கில் சங்கத்தை நெருக்கின. பொது நன்மைக்கான ஒரு கட்டடத்தை ஒரு விளையாட்டுச் சங்கத்தின் சொத்தாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். சங்கத்தின் வருமானம் பதக்கம் வரும் ஆண்டில் ஏறும், ஊழல் செய்தி வரும் ஆண்டில் இறங்கும். வட்டி மட்டும் இறங்காது. அரங்கின் வெப்பத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவும் அப்படியே.

இந்தத் தேதியைப் பிறந்த ஆண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள். பிகுலிக் 1997-இல் பிறந்தவர். உலக சாம்பியன் சாய்னோக்கும் 1997-இல் பிறந்தவர். விக்டோரியா பிகுலிக் அதற்கு அடுத்த ஆண்டு. ப்ருஷ்கூஃப் திறந்தபோது இவர்களுக்குப் பத்து, பதினோரு வயது. குளிர்காலத்திலும் மரத் தடத்தில் ஓடக்கூடிய முதல் போலந்துத் தலைமுறை இவர்கள்தான். 42 டிகிரிச் சரிவில் பயமின்றிக் கூட்டத்தோடு உரசி ஓடுவதும், பின்னால் வருகிறவரின் சக்கர ஓசையிலிருந்தே அவர் எப்போது கிளம்புவார் என்று அறிவதும் இருபது வயதில் வெளிநாட்டு முகாமில் இரண்டு வாரம் தங்கிக் கற்றுக்கொள்ளும் விஷயமல்ல, வளரும் பருவத்தில் ஆயிரம் மணி நேரம் சுற்றிச் சுற்றித்தான் உடம்பில் ஏறும். அந்த மணி நேரங்களை ப்ருஷ்கூஃப் கொடுத்தது. பாரிஸுக்கு முன் தடம் மூடிக்கிடந்தபோது பிகுலிக் அதைத் தாங்கியதற்குக் காரணம், அவருக்குத் தேவையான அடிப்படை அதற்கு முன்பே உள்ளே சேர்ந்திருந்ததுதான். மீதிக்குச் சாலை அணி இருந்தது. தடம் இல்லாமலே பதக்கம் வந்துவிட்டதே என்று எந்த அதிகாரியாவது சொன்னால், பதிலாக இந்த ஆண்டுக் கணக்கைக் காட்டலாம்.

இதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது: கியெஷ்கோவ்ஸ்கியும், 1972-இல் இருவர் சேர்ந்து மிதிக்கும் டாண்டெம் வண்டியில் வெண்கலம் வென்ற ஆந்த்ஜெய் பெக், பெனெடிக்ட் கோத்சோட் இருவரும் உள்ளரங்கத் தடம் இல்லாமல்தானே வளர்ந்தார்கள்? பாவ்வோவ்ஸ்காவும் தெக்லின்ஸ்கியும் 1989-இல் பிறந்தவர்கள், ப்ருஷ்கூஃப் திறக்கும்போது அவர்களுக்கு வயது பத்தொன்பது ஆகிவிட்டிருந்ததே? உண்மைதான். ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஒலிம்பிக் தடங்களே பெரும்பாலும் திறந்தவெளியில் இருந்தன, உலகம் முழுவதும் ஒரே நிலைமை. பாவ்வோவ்ஸ்காவும் தெக்லின்ஸ்கியும் முதல் உலகப் பட்டம் வென்றது முறையே 2012-இலும் 2017-இலும், அதாவது தடம் திறந்து நான்கு ஆண்டுகளும் ஒன்பது ஆண்டுகளும் கழித்து. 1989-க்குப் பின் வந்த நெருக்கடிக் காலத்தில் போலந்தின் அரங்க சைக்கிள் விளையாட்டு உலகின் முன்வரிசையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தேபோயிருந்தது. அது மீண்டும் தலைதூக்கிய காலமும் ப்ருஷ்கூஃப் இயங்கிய காலமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. இது மட்டும் காரணத்தை நிரூபிக்காது, ஆனால் வேறெந்த விளக்கத்தைவிடவும் இது அதிகத்தை விளக்குகிறது.

இந்தக் கணக்கு பிகுலிக்கின் பெருமையைக் குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கதவு திறந்திருந்தது, அடித்தளம் இருந்தது, சம்பளம் வந்தது, ஆனால் இதே கதவும் இதே அடித்தளமும் வேறு பலருக்கும் இருந்தன. ரியோவில் குழு அணியின் நான்கு பேரில் ஒருவராக இருந்தவர், எட்டு ஆண்டுகள் கழித்து, நாட்டின் ஒரே உள்ளரங்கத் தடம் முடங்கி, பயிற்சிக்கு எல்லை தாண்டிப் போகும் நிலையில், நான்கு பந்தயங்களையும் தனியாக ஓடி இரண்டாவதாக வந்தார். ஒரு சங்கம் செய்ய வேண்டிய ஏற்பாட்டை வீராங்கனையே செய்துகொண்டு, அதற்கான களைப்பையும் சுமந்துகொண்டு ஓடியது அது. சங்கத்தின் தோல்வியை அவருடைய வீரத்துக்கு அழகாகச் சூட்டிப் பேசுவதுதான் அவரை உண்மையில் அவமதிப்பது. அந்தச் சுமை இல்லாமல் அவர் ஓடியிருந்தால் அந்தப் பதின்மூன்று புள்ளி இடைவெளி எவ்வளவாக இருந்திருக்கும் என்ற கேள்வியைப் போலந்தின் விளையாட்டுத் துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தடம் இயங்காத ஆண்டுகளின் விளைவு பதக்கப் பட்டியலில் உடனே தெரியாது. பாரிஸில் பிகுலிக்குக்கு வயது 27. தடம் திறந்தபோது அவருக்கு 11. நடுவில் பதினாறு ஆண்டுகள். ப்ருஷ்கூஃப் மூடிக்கிடந்தபோது பதினோரு வயதில் இருந்த ராடோம் சிறுமி ஒருத்திக்கு 27 வயது ஆவது 2030-களின் இறுதியில். அவளை வெளிநாட்டு முகாமுக்கு அனுப்ப ஒரு சராசரிக் குடும்பத்தால் முடியாது, சம்பளத்துக்கு எடுக்கச் சாலை அணியும் அந்த வயதில் வராது. வார இறுதியில் பேருந்தோ ரயிலோ பிடித்துப் போய், இரவல் வண்டியில் ஏறிச் சுற்றக்கூடிய தடம் ஒன்றே அவளுக்கு எட்டும் வசதி. அந்தக் குளிர்காலங்களில் அதற்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள்.